மருமகளின் பகல் தூக்கம்

குக்கர் இரைய ஆரம்பித்ததும் பெரியநாயகம் அடுப்பை அணைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டால் விசில் அடித்துவிடும். விசில் அடித்தால் மருமகள் சகாயமேரி எழுந்துவிடுவாள். சகாயமேரி எழுந்துவிட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று மகன் விடியற்காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து பார்த்தார். அரிசி குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்ததே தவிர வெந்த மாதிரி இல்லை. மறுபடியும் மூடினார், மறுபடியும் பற்றவைத்தார், இரைச்சல் கேட்டதும் மறுபடியும் அணைத்தார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உலையின் வாயை மூடவே ஒரு மனுஷன் இந்தப் பாடு பட வேண்டியிருக்கிறது என்று அவருக்கு அலுப்பாக இருந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

அவர் திசையன்விளைப் பக்கத்திலிருந்து பென்னலூருக்கு வந்து ஒரு நாள்தான் ஆகிறது. மகன் ஜெபக்குமாருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட். சகாயமேரிக்குச் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். அவன் போகும்போது இவள் வருவாள், இவள் போகும்போது அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில்தான். பெரியவள் ஜெர்சிக்கு அரைப்பரீட்சை லீவு. சின்னவன் பாபுவை இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் தாத்தா வரவழைக்கப்பட்டிருந்தார்.

அன்றைக்கு ஜெபக்குமாருக்கு ஓவர்டைம், திரும்ப ராத்திரி ஆகிவிடும். கிளம்புகிற அவசரத்தில், சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். முந்தாநாள் ராத்திரி சகாயமேரி கம்பெனியில், பாகங்கள் ஓடுகிற லைனில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாளாம். சூப்பர்வைசர் பார்த்துவிட்டாராம். அவளை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்த வாரம்தான் முடிவு செய்யப்போகிறார்கள். இன்னொரு தடவை கண்ணை மூடினால் அவ்வளவுதான். இத்தனைக்கும் அன்றைக்குப் பகலில் பிள்ளைகளை அவன் லீவு போட்டு வாலாஜாபாத்துக்குத் துணியெடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். வீட்டில் ஈ காக்கை இல்லை. அப்படியும் அவளுக்கு உடம்பு அசதி போகவில்லை என்றால், இன்றைக்குக் குண்டூசி விழுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

“நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்ப்பா. அவ உறங்கணும். அவ்வளவுதான்” என்றான்.

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று சொல்லி ஒப்படைக்கப்படுகிற வேலையைப் போல இடுப்பை ஒடிக்கிற வேலை உலகத்தில் வேறெதுவும் கிடையாது.

அதிலும் பெரியநாயகத்திடம் போய் இதைச் சொன்னதுதான் வேடிக்கை. முப்பது வருஷத்துக்கு மேல் அவர் ஊர்க் கோயிலில் மணியடித்தவர். விடிவதற்கு முன்னால் திரிகால செபத்துக்கு அவர் கயிற்றை இழுத்தார் என்றால் கைக்குழந்தை முதல் கட்டிலோடு கிடக்கிற கிழவி வரைக்கும் எழுந்து உட்கார்ந்தாக வேண்டும். ராத்திரியெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்து படுத்தவர்கள் அவரைப் படாதபாடு திட்டியிருக்கிறார்கள். எழுப்புவதையே பிழைப்பாக வைத்திருந்த ஆளிடம் ஒருத்தியைத் தூங்கவைக்கிற பொறுப்பு வந்து சேர்ந்திருந்தது.

வீடு என்று சொன்னால் ஒரே அறை, ஓர் அடுப்படி. அறை வாசலில் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது. ராஜாமணியம்மா கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடுகளில் இது நடு வீடு. மேலே சிமெண்ட் ஷீட். நடுச்சுவர்கள் ஷீட்டைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரன் கொட்டாவி விட்டால் இந்த வீட்டுக்காரனுக்குத் தூக்கம் வரும்.

திரைக்கு அந்தப் பக்கம் டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மார்கழிப் பனியில் வெளியே மாடுகள் விறைத்துப்போய் நிற்கின்றன, இவளுக்கு ஃபேன் எதற்கு? ராத்திரி முழுக்க ஏசியில் உட்கார்ந்துவிட்டு வந்தவள், அசதியில் அணைக்க மறந்திருப்பாள் என்று நினைத்தார். மருமகள் படுத்திருக்கிற அறைக்குள் மாமனார் எப்படிப் போவது? நல்லவேளையாகச் சுவிட்சு அடுப்படிப் பக்கச் சுவரில் இருந்தது. அணைத்தார். கடகட நின்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சகாயமேரி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. பாவம், இப்போதுதான் வாகாகப் படுக்கிறாள் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி ஆறுவதற்குள் பக்கத்து வீட்டில் அலாரம் அலறியது.

பக்கத்து அறையில் இருந்தவன் இசக்கிபாண்டி. அம்பாசமுத்திரத்துப் பையன். மதிய ஷிஃப்டுக்குப் போகிறவன். ஒரு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்குக் காலையிலிருந்தே அரை மணிக்கு ஒரு தரம் அலாரம் வைத்து, ஒவ்வொரு தரமும் அதன் தலையில் தட்டிவிட்டுத் தூங்குகிற சுபாவம் அவனுக்கு. பெரியநாயகம் ஓடிப்போய் அவன் கதவை நகத்தால் சுரண்டினார். நம் பக்கத்து ஆள் என்றதும் அவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அலாரம் இல்லாவிட்டால் அவனை யார் எழுப்புவது?

“நான் எழுப்புதேம்ல” என்றார் பெரியநாயகம். “முப்பது வருசம் ஊரையே எழுப்புனவன் நான். ஒன்னைய எழுப்ப மாட்டேனா?”

இசக்கிபாண்டி அந்த வார்த்தையை நம்பி, கடிகாரத்தைப் பெட்டிக்குள் போட்டு, இரண்டு சட்டையைச் சுற்றிப் பூட்டிவிட்டுப் படுத்தான்.

பிள்ளைகள் எழுந்தன. எழுந்ததும் ஜெர்சி ஓடினாள், பாபு துரத்தினான். ஒரு டம்ளர் உருண்டது. எதற்கென்று தெரியாமல் இரண்டும் ஒரே நேரத்தில் ஓலமிட்டன. தாத்தா இரண்டு பேரையும் இரண்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மிரட்டிப் பார்த்தார், சிரித்தன. கெஞ்சிப் பார்த்தார், இன்னும் பலமாகச் சிரித்தன. கடைசியில் வாசலோரத்தில் வைக்கோலும் அட்டையுமாக ஜெபக்குமார் கட்டி வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடில் கண்ணில் பட்டது. மாதா இருந்தாள், சூசையப்பர் இருந்தார், மாடும் கழுதையும் இருந்தன. தீவனத் தொட்டி மட்டும் காலி. குழந்தை இயேசுவின் சுரூபத்தை இருபத்துநாலாம் தேதி ராத்திரிப் பூசை முடிந்துதான் அதில் வைப்பார்கள். அதை யார் கையால் வைப்பது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் வருஷா வருஷம் அடிதடி.

பெரியநாயகத்துக்குப் புத்தி மின்னியது. இரண்டு பேரையும் குனியச் சொல்லிக் காதில் சொன்னார். சாயங்காலம் அம்மா வேலைக்குப் போகிறவரைக்கும் யார் வாயைத் திறக்கவில்லையோ, அவர்கள் கையால்தான் இந்த வருஷம் பாலன் இயேசு தொட்டிக்குப் போவார்.

“சிரிக்கலாமா தாத்தா?” என்று ஜெர்சி கேட்டாள்.

“சத்தம் இல்லாம சிரிக்கலாம்.”

சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் பிள்ளைகள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. இரண்டும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, ஒன்றையொன்று முறைத்தபடி உட்கார்ந்துவிட்டன. பசிக்கிறதா என்று கேட்டால் தலையை ஆட்டின. வேகாத சோற்றில் மோரை ஊற்றிக் கொடுத்தார். இரண்டும் அரிசியை நறநறவென்று கடித்து, அந்தச் சத்தத்துக்கே பயந்துபோய் முழுங்கிவைத்தன. அவருக்கே பாவமாக இருந்தது. இடையில் திரைச்சேலை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. காற்றாக இருக்கும். ஆனாலும் உள்ளே மறுபடியும் புரள்கிற சத்தம் கேட்டதே என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. இன்னும் எங்கிருந்தோ சத்தம் வருகிறது, அதுதான் அவளுக்கு நல்ல தூக்கம் பிடிக்கவில்லை. கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். சொட்டிக்கொண்டிருந்த பானைக்கு அடியில் துணியைப் போட்டார். தன்னுடைய இருமலைத் துண்டுக்குள் இருமினார்.

இந்த இடத்தில் லைன் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே பஞ்சாயத்துத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். எந்த நேரத்தில் வரும் என்பது மோட்டார் போடுகிற ஆளின் மனசைப் பொறுத்தது. வந்தாலும் அரை மணி நேரம்தான். அதனால் பொதுக்குழாயில் தண்ணீர் வருவதை முதலில் யார் பார்த்தாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதைக் கேட்டு மொத்த லைனும் குடத்தோடு ஓடிவரும். வழக்கமாகக் கத்துகிறவன் பாபுதான். அந்த வயசுக்கு அப்படி ஒரு தொண்டை யாருக்கும் வாய்க்காது என்று ராஜாமணியம்மாவே மெச்சியிருக்கிறாள்.

அன்றைக்குத் தண்ணீர் வந்தபோது பாபு குழாயடியில்தான் இருந்தான். வாய் திறந்தால் பாலன் அக்கா கைக்குப் போய்விடுவார். அவன் திறக்கவில்லை. தண்ணீர் காலி டிரம்மில் தடதடவென்று விழுந்தது. அது சத்தம். சத்தம் போடக் கூடாது என்று தாத்தா சொல்லியிருக்கிறார். நல்ல பிள்ளையாக இரண்டு கையாலும் குழாயைத் திருகி மூடினான். திருகுகிற அவசரத்தில் மார்பு வரைக்கும் நனைந்துபோனான். பிறகு அந்த டிரம்மின் விளிம்பிலேயே ஏறி உட்கார்ந்து, அரை மணி நேரமும் குழாய்க்குக் காவல் இருந்தான்.

ராஜாமணியம்மா சந்தேகப்பட்டு வந்து குழாயைத் திறந்தபோது இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. ஈரத் தரையைப் பார்த்தாள். டிரம் மேல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாபுவைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிவதற்கு வெகுநேரம் ஆகவில்லை.

“இன்னா பெரியவரே, தண்ணி வந்துட்டுப் பூட்டுகீது. இந்த வாண்டு பாத்துகினு ஒக்காந்துகீது. ஒரு கொரல் குடுக்கக் கூடாது?”

அவளுடைய சாதாரணக் குரலே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கேட்கும். பெரியநாயகம் பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பினார். மருமவ உறங்குதா, மெதுவாப் பேசுங்கம்மா என்று தொடங்கி, லைன், சூப்பர்வைசர், நிரந்தரம் என்று தெரிந்ததையெல்லாம் குசுகுசுவென்று சொன்னார். அதற்குள் குடங்களோடு மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். சகாயமேரி மேல் எல்லோருக்கும் பிரியம் உண்டு. வேலை போகிற விஷயம் என்றால் அது எல்லோர் வீட்டு விஷயமும்தான். அதனால் குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஆனால் சண்டையை விட முடியுமா? தண்ணீர் போயிருக்கிறதே.

ஆகவே சண்டை குசுகுசுப்பாகவே நடந்தது. இது எவ்வளவு சிரமம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கையை ஓங்கலாம், கண்ணை உருட்டலாம். ஆனால் நல்ல ஒரு வசவைக் காதோரமாகச் சொன்னால் ரகசியம் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. திட்டுகிறவளுக்கே சிரிப்பு வந்து கோபம் பாதியில் அறுந்துபோகிறது. கடைசியில் ஒரு பஞ்சாயத்து ஆயிற்று. தண்ணீரை விட்டது பேரன், அதனால் வீட்டுக்கு ஒரு குடம் தாத்தா கொண்டுவந்து தர வேண்டியது.

அடிபம்பு இருந்தது பிளாட் போட்டிருந்த பழைய வயல்காட்டுக்கு அந்தப் பக்கம். வழி நெடுக மஞ்சள் அடித்த கல்லாக நட்டிருந்தார்கள். பத்து மணி ஆகியும் பனி விலகவில்லை. பிள்ளைகளை வீட்டில் விட்டுப்போகவும் பயம். பாபுவுக்கு உலர்ந்த சட்டை மாட்டி, தன்னுடைய மஃப்ளரைத் தலையில் சுற்றி, கையிலொரு குடம் இடுப்பிலொரு குடமாக நடந்தார். முன்னால் ஜெர்சி, பின்னால் பாபு. மூவரும் வாய் திறக்காமல் வரிசையாகப் போவதைப் பார்த்த மாடு மேய்க்கிற ஒருவர், யாருக்கோ துக்கம் போலிருக்கிறது என்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பம்பு, அடிக்கு ஒரு தரம் கிரீச்சிட்டது. இங்கே கிரீச்சிட்டால் யாருக்கென்ன என்று முதல் தடவையாக நிம்மதியாக அடித்தார். ஆனால் இரண்டு நடை முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. மூன்றாவது நடையில் பாபு தும்ம ஆரம்பித்தான். தும்மலும் ஆட்டத்தில் தோற்கிற சத்தமோ என்று பயந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே தும்மினான். கண்ணெல்லாம் நீராகிவிட்டது. பேசலாம்டா, தும்மலாம்டா, ஒண்ணும் இல்லைடா என்று தாத்தா கெஞ்சினார். அவர் தோற்கடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து இரண்டும் இன்னும் இறுக்கமாக உதட்டை மடித்துக்கொண்டன. அவருக்கு அழுகை வரும் போல இருந்தது. ஊரில் இருந்திருந்தால் இந்நேரம் பால் விடாத கட்டன்சாயா ஒன்றைச் சூடாகக் குடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கலாம். வயசான காலத்தில் இந்தக் குடத்தைத் தூக்குவதற்குத்தானா ரயிலேறி வந்தோம் என்று நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த குடத்தைத் தூக்கினார்.

கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே இசக்கிபாண்டி நின்றான். இடுப்பில் லுங்கி, தலையெல்லாம் பறட்டை, கையில் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த கடிகாரம். அது இரண்டு மணி காட்டியது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பெரியநாயகத்துக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷமாக ஒரு நாள்கூட மணி தவறாத ஆனை அது. குடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இசக்கிபாண்டி கத்துவதற்காக வாயைத் திறந்தான். ராஜாமணியம்மா உதட்டின் மேல் விரலை வைத்தாள். திறந்த வாயோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனும் குசுகுசுத்தான்.

“எழுப்புதேன்னு சொன்னீயளே தாத்தா. பஸ்ஸு போயிட்டு. இந்த மாசம் அட்டெண்டன்ஸ் போனஸும் போயிட்டு.”

“மறந்துட்டேம்ல மக்கா” என்றார் அவர். அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இசக்கிபாண்டி நல்ல பையன். கிழவருக்குக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். ஆனால் வந்த கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் அல்லவா? சந்துமுனையில் போய் நின்றுகொண்டான். ஒலிபெருக்கியில் பழைய இரும்பு கேட்டுக்கொண்டு வந்த வண்டிக்காரனை மறித்து, திருநெல்வேலிப் பாஷையில் நாலு வார்த்தை காதோடு சொல்லித் திருப்பி அனுப்பினான். உப்பு விற்கிறவனையும் அனுப்பினான். இரண்டு நாய்களைக் கல்லைக் காட்டியே விரட்டினான். இதைப் பார்த்த ராஜாமணியம்மாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மிக்சி போடப் போனவளைத் தடுத்தாள். துணி துவைக்கப் போனவளைத் தடுத்தாள். லைன் வீடு மொத்தமும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தது. டிவியில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அந்த மத்தியானம் பென்னலூரில் அப்படி ஒரு அமைதி இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமையில்கூடப் பெரியநாயகம் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார். ஒரு தொடையில் ஜெர்சி, ஒரு தொடையில் பாபு, இரண்டும் வாயை மூடியபடியே தூங்கிப்போயின. கால் இரண்டும் மரத்துவிட்டன. அசைந்தால் பிள்ளைகள் எழுந்துவிடும் என்று அசையவில்லை. காலையிலிருந்து அவர் வயிற்றுக்குள் ஒரு வாய் போகவில்லை. திரைக்கு உள்ளே புரள்கிற சத்தம்கூட இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். என்ன ஆனாலும் சரி, அந்தப் பிள்ளை தூங்குகிறாள். பட்ட பாடு வீண்போகவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் சகாயமேரி வெளியே வந்தாள். கம்பெனிச் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டியிருந்தாள். கண் சிவந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த கண் சிவந்துதான் இருக்கும் என்று அவர் நினைத்தார்.

அவள் நேராகப் பிள்ளைகளிடம் வந்து குனிந்தாள். பாபுவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்தாள். என்னடா செய்யுது என்று கேட்டாள். பாபு உதட்டை மடித்துக்கொண்டு தலையாட்டினான். ஜெர்சியிடம் கேட்டாள். ஜெர்சி குடிலைக் கைகாட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கொடியில் காயப்போட்டிருந்த பாபுவின் ஈரச் சட்டையைச் சகாயமேரி வெகுநேரம் பார்த்தாள். வேலைக்குப் போகிற தாய்க்குப் பிள்ளையை விட்டுப் பிரிவது கஷ்டம்தான் என்று பெரியநாயகம் மனசுக்குள் உருகினார்.

அந்தக் குடும்பத்தில் மருமகளும் மாமனாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது வழக்கமில்லை. அவள் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார். அவர் கேட்க வேண்டியதும் அப்படித்தான். இன்றைக்கு நடுவில் நிற்கிற இரண்டும் ஊமையாகிவிட்டதால், மகனுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் தானே கேட்டார்.

“நல்லா உறங்குனியாம்மா?”

சகாயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை இல்லாத சட்டையில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“உறங்குனேன் மாமா.”

அந்த ஒரு வார்த்தைக்காகப் பெரியநாயகத்துக்கு இன்னும் பத்துக் குடம் சுமக்கலாம் போலிருந்தது. இருட்டுகிற நேரத்தில் கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்தது. போகிற வழியில் சகாயமேரி ராஜாமணியம்மாவின் வாசலில் நின்று, கொட்டாவியைக் கையால் மறைத்தபடி ஏதோ இரண்டு வார்த்தை பேசினாள். வாடகை விஷயமாக இருக்கும். பிறகு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பஸ்ஸின் சிவப்பு விளக்கு பனிக்குள் மறைகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, முதுகெலும்பு ஒவ்வொன்றாகச் சடசடக்க நிமிர்ந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு பேருமே ஜெயித்துவிட்டதாகவும், ஆளுக்கொரு கையால் பாலனைத் தூக்கித் தொட்டியில் வைக்கலாம் என்றும், இனிமேல் வாயைத் திறக்கலாம் என்றும் தீர்ப்புச் சொன்னார்.

ஒரு பகல் முழுக்க அடைத்து வைத்திருந்த சத்தம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. ஜெர்சி வீறிட்டாள். பாபு தண்ணி வந்துடுச்சு, தண்ணி வந்துடுச்சு என்று காலையில் கத்தாமல் விட்டதையெல்லாம் சேர்த்துக் கத்தினான். சந்துமுனையில் இருந்த நாய்கள்கூட அதைக் கேட்டுத் திரும்பி வந்தன. கத்தட்டும், இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று பெரியநாயகம் வாசல்படியில் காலை நீட்டினார். கண் தானாக மூடியது.

ராஜாமணியம்மா ஒரு டம்ளர் டீயோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டாள். அவர் டீயை வாங்கி ஒரு வாய் குடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

“ஒங்க மருமவ நேர்ல சொல்ல கூச்சப்பட்டுகினு எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு பெரியவரே: இந்தக் கத்தல் காதுல வுழுந்தாத்தான் அதுக்குத் தூக்கமே வருமாம், இன்னிக்குப் புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சோன்னு நாள் பூரா பொட்டுக் கண்ணு மூடலியாம், நாளைக்காச்சும் கொஞ்சம் கத்த வுடுவீங்களாம்.”